நீட் எழுதும் பிள்ளைகளுக்கு மருத்துவ மாணவர் சொல்லிக்கொடுப்பது எப்படி: சேலத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

"நுரையீரல் தமனியில் ஓடுவது எந்த ரத்தம்?" என்று கேட்டேன். நாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெண், பன்னிரண்டாம் வகுப்பு. யோசிக்கவே இல்லை. "சுத்த ரத்தம்க்கா" என்றாள்.

தவறு என்று சொல்லி, சரியான விடையையும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் வருடம் அப்படித்தான் போனேன். அன்றைக்கு மட்டும், "எப்படிச் சொல்றே?" என்று கேட்டேன். "தமனின்னா சுத்த ரத்தம், சிரைன்னா அசுத்த ரத்தம். சின்ன வகுப்புலயே படிச்சோமேக்கா" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. எப்போதோ மனப்பாடமான ஒரு வரி, புதிதாகப் படித்த பாடத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய் தமனி, இதயத்துக்குத் திரும்பி வரும் குழாய் சிரை. பெயர் திசைக்குத்தான், ரத்தத்தின் சுத்தத்துக்கு இல்லை என்று சொல்லி, இதயத்தை வரைந்து அம்புக்குறி போடச் சொன்னேன். அடுத்த வாரம் தொப்புள்கொடித் தமனியைக் கேட்டேன். அந்தப் பாடத்தை இன்னும் நடத்தியிருக்கவில்லை. அவளே அம்புக்குறி போட்டுப் பார்த்துவிட்டு, "கருவோட இதயத்துலேருந்து வெளிய போகுது, அப்ப ஆக்சிஜன் கம்மியான ரத்தம்" என்றாள்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்: "எப்படிச் சொல்றே?" நான் சேலத்தில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நீட் எழுதும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். இதே வேலையை எடுத்துச் செய்ய நினைக்கும் மருத்துவ மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் நேரத்தை எண்ணிப் பாருங்கள்

நமக்குத் தியரியில் 75 சதவீதமும், செய்முறையிலும் வார்டிலும் 80 சதவீதமும் வருகைப்பதிவு வேண்டும். கல்லூரியின் இன்டர்னல் தேர்வு வரும் வாரத்தில் வகுப்பை ரத்து செய்துவிட்டு, அடுத்த வாரம் இரட்டிப்பாக நடத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் அறுந்துபோவது அப்படி ஒரு வாரத்தில்தான். வாரத்துக்கு ஒரு நாள், மூன்று மணி நேரம் உறுதியாகத் தர முடியுமா? அது போதும். முடியாதென்றால் இந்த வருடம் வேண்டாம்.

ஆறு பேர், அதிகம் போனால் எட்டு பேர். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரையும் பேச வைக்க நேரம் இருக்காது, வெறும் சொற்பொழிவாகிவிடும். சொற்பொழிவு யூடியூபில் நம்மைவிட நன்றாகவே கிடைக்கிறது.

பிள்ளைகளின் ஊரையும் பாருங்கள். சேர்வராயன் மலையில் நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். அம்மாவோடு பிள்ளைகளும் தோட்டத்துக்குப் போவார்கள். முதல் வருடம் அந்த மூன்று மாதமும் பாதிப் பேர் வரவில்லை. நான் அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது புதிய பாடங்களை அக்டோபருக்குள் முடித்துவிட்டு, பறிப்புக் காலத்துக்குத் திருப்புதலை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அம்மாபேட்டையில் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைக்கும், சாயங்காலம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்காரும் பிள்ளைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பெற்றோரிடம் பேசுங்கள்

"எம்புள்ளைக்கு சீட்டு கெடச்சிருமா கண்ணு?" எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். "கிடைச்சிரும்மா" என்று வாயில் வரும். சொல்லாதீர்கள். "படிக்க வேண்டியதைப் படிக்க வைக்கிறேன், எங்கே நிக்கிறாங்கன்னு மாசாமாசம் உங்ககிட்ட வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள், அதைத் தவறாமல் செய்யுங்கள்.

தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு என்பதை அன்றைக்கே விளக்கிவிட வேண்டும். 2025-ல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720-க்கு 144. பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 113. அதைத் தொட்டவர்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிடுவதில்லை. இது புரியாமல் ஜூன் மாதத்தில் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆகஸ்டில் அழுத வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டணம் வாங்கினால் தொகையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நான் வாங்குவதில்லை. அப்புறம், வகுப்பு எப்போதும் திறந்த இடத்தில் நடக்கட்டும்: பள்ளித் தாழ்வாரம், நூலகம், கோயில் மண்டபம். தனி அறையில் தனியாக ஒரு பிள்ளை வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் பெற்றோரும் இருக்கட்டும். பிள்ளைகள் நம்மை அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு இந்த ஏற்பாடுகள்தான் காவல்.

மூன்றாம் படி: பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்

நான் செய்த பெரிய தவறு இது. உடலியங்கியல் பரீட்சை எழுதிவிட்டு வந்த சூட்டில், செரிமான மண்டலத்தை இரண்டு ஞாயிறு நடத்தினேன். இரைப்பையின் ஒவ்வொரு செல்லும், ஒவ்வொரு ஹார்மோனும். பிள்ளைகளும் ஆசையாகக் கேட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, 2024-ல் நீட் பாடத்திட்டத்தைக் குறைத்தபோதே செரிமானமும் உட்கிரகித்தலும் வெளியே போய்விட்டன என்று. தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம், வேதியியலில் திடநிலை, புறப்பரப்பு வேதியியல் ஆகியவையும் அப்போதே போய்விட்டன. நம் மாநிலப் பாடப்புத்தகத்தில் இருக்கிறதே என்று நடத்தினால், மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளையின் ஆறு மணி நேரம் வீண்.

எனவே தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே மாநிலப் புத்தகத்தின் பக்க எண்ணையும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் பக்க எண்ணையும் எழுதுங்கள். ஒரு வாரம் ஆகும். வகுப்பு தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். கேள்விகள் பெரும்பாலும் என்.சி.இ.ஆர்.டி. வரிகளை ஒட்டியே வருகின்றன. அந்தப் புத்தகம் தமிழில் இல்லாததால், தமிழ்வழிப் பிள்ளைக்கு இந்தப் பட்டியல்தான் பாலம்.

நான்காம் படி: முதல் இரண்டு வாரம் எதையும் நடத்தாதீர்கள்

பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். 180 கேள்வி, 180 நிமிடம்: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை எழுதச் சொன்னார்கள். 2025-லிருந்து அந்தச் சலுகை இல்லை, எல்லாமே கட்டாயம். பழைய தாளை எடுக்கும்போது அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணை மட்டும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாவது வாரம் ஒவ்வொருவரோடும் இருபது நிமிடம் உட்கார்ந்து, தவறிய கேள்விகளில் பத்தை எடுத்து, எப்படி அந்த விடைக்கு வந்தாய் என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்

வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் பேருந்து, பிரேக் போட்டதும் ஒரே சீராக வேகம் குறைந்து 5 நொடியில் நிற்கிறது; எவ்வளவு தூரம் போயிருக்கும்? ஒரு பையன் 180 மீட்டர் என்று குறித்திருந்தான். சரியான விடை 50. நான் விடையைச் சொல்லவில்லை. "சத்தமா போடு" என்றேன். "ஆரம்ப வேகம் 72, கடைசி வேகம் 0, சராசரி 36. 36-ஐ 5-ஆல பெருக்கினா 180." அவன் முறை சரி. சராசரி வேகத்தைப் பிடித்ததும் அழகு. கிலோமீட்டரை மீட்டராக்கவில்லை, அவ்வளவுதான். 72-ஐ 18-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் நொடிக்கு 20 மீட்டர்; சராசரி 10; ஐந்து நொடிக்கு 50.

180 என்பதும் கொடுத்திருந்த நான்கு விடைகளில் ஒன்று. தவறான விடைகளைச் சும்மா போடுவதில்லை. பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று தெரிந்துதான் போடுகிறார்கள். ஆகவே தவறான மூன்று விடைகளும் நமக்குப் பாடம்தான். ஒரு கேள்வியை முடித்ததும், "மத்த மூணும் யாருக்கு வரும்? என்ன தப்புப் பண்ணா வரும்?" என்று கேளுங்கள். இதைப் பழகிய பிள்ளை, தேர்வில் தன் விடை விடைப்பட்டியலில் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் குறிக்காது.

பேச வைக்கும்போது மூன்று விஷயம். பிள்ளை நிறுத்தினால் நீங்கள் முடித்து வைக்காதீர்கள், பத்து நொடி சும்மா இருங்கள். மற்றவர்கள் சிரிக்க விடாதீர்கள். சரியான விடைக்கும் எப்படி என்று கேளுங்கள், குருட்டாம்போக்கில் சரியானது அப்போதுதான் தெரியும்.

ஆறாம் படி: பிழை நோட்டு

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. தவறிய கேள்வி, தான் நினைத்தது, உண்மை என்ன என்று மூன்றே வரி. ஓரத்தில் ஓர் எழுத்து: பாடமே தெரியாதது 'தெ', இரண்டைக் குழப்பிக்கொண்டது 'கு', கணக்கிலோ அலகிலோ சறுக்கியது 'க', கேள்வியின் மொழி புரியாதது 'மொ'. மாதக் கடைசியில் எழுத்துகளை எண்ணுங்கள். 'தெ' அதிகம் இருந்தால் பாடம் நடத்த வேண்டும். 'க' அதிகம் இருந்தால் மேலும் பாடம் நடத்துவதால் ஒரு பயனும் இல்லை. பயிற்சிக் கணக்கும் தூக்கமும்தான் வேண்டும்.

இந்த நோட்டை நீங்கள் எழுதித் தராதீர்கள். அவர்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.

ஏழாம் படி: மொழி

தமிழ் வினாத்தாள் கேட்டு வாங்கும் பிள்ளைக்கு ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும். மொழிபெயர்ப்பில் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கூடுதலாகத் தரச் சொன்னது, உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிள்ளைகளுக்கு இதைக் கதையாகச் சொல்லுங்கள். ஏன் ஆங்கிலச் சொல்லையும் கூடவே படிக்க வேண்டும் என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.

உந்தம் என்றால் மொமெண்டம், சமநிலை என்றால் ஈக்விலிப்ரியம், தமனி என்றால் ஆர்ட்டரி. நாளைக்குப் பத்துச் சொல், இரண்டு மொழியிலும் எழுதிப் பார்க்கட்டும். ஆனால் விளக்கம் தமிழிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒப்பித்த பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொன்னால்தான் புரிந்ததா என்று தெரியும். தவறானது எது, பொருந்தாதது எது என்று எதிர்மறையாகக் கேட்கும் கேள்விகளில் அந்தச் சொல்லுக்குக் கோடு போடப் பழக்குங்கள். 'மொ' எழுத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

எட்டாம் படி: நம்மால் மட்டும் முடிவதைச் செய்யுங்கள்

ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுபோங்கள். பிள்ளைகள் தங்கள் நெஞ்சில் தாங்களே வைத்துக் கேட்கட்டும். முதல் 'லப்' மூவிதழ், ஈரிதழ் வால்வுகள் மூடுவது. 'டப்' அரைச்சந்திர வால்வுகள் மூடுவது. ஒருமுறை காதால் கேட்டவர்கள் இதை மாற்றிச் சொல்லி நான் பார்த்ததில்லை. அடுத்து மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணட்டும். 72 வந்தால், ஒரு துடிப்புக்கு 70 மி.லி. வீதம் 5040 மி.லி., அதாவது ஏறத்தாழ ஐந்து லிட்டர். உடம்பில் உள்ள ரத்தம் முழுவதும் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் இதயத்தின் வழியாக ஒரு சுற்று வந்துவிடுகிறது என்று சொன்னபோது, கொலுசுப் பட்டறைப் பையன் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டார்லிங் விதி வரை நமக்கு நாக்கு அரிக்கும். அவர்களுக்கு அது வேண்டாம். இன்னொன்று: வார்டில் பார்த்த நோயாளியின் படம், பெயர், அடையாளம் எதுவும் வகுப்புக்கு வரக்கூடாது. மருத்துவராகப் போகிறவர்கள் அதையும் நம்மிடமிருந்தே பார்த்துக் கற்கிறார்கள்.

இயற்பியலும் வேதியியலும் நாம் மறந்துபோன பாடங்கள். வகுப்புக்கு முந்தின இரவு அந்தக் கணக்குகளை நீங்களே போட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து எடுத்துக்காட்டு கிடைத்தால் விடாதீர்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதனால்தான் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகிறது. ஆவி அழுத்தம் வெளி அழுத்தத்துக்குச் சமமாகும் இடம்தான் கொதிநிலை என்பதை மலைப் பிள்ளைகள் அடுப்படியிலிருந்தே புரிந்துகொள்கிறார்கள்.

ஒன்பதாம் படி: மாதிரித் தேர்வும் மைனஸ் கணக்கும்

பிப்ரவரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று. நேரம் பகல் 2 முதல் 5 வரை, உண்மைத் தேர்வும் அப்போதுதான். சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் சொக்கும் வேளை அது, உடம்புக்குப் பழக்கம் வேண்டும். உயிரியலை 50 நிமிடத்தில் முடித்து, வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60, மீதி 20 சரிபார்க்க என்பது என் பிள்ளைகளுக்குச் சரியாக வருகிறது. ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைப் பக்கத்துக்குப் பக்கம் நிரப்பட்டும். கடைசியில் மொத்தமாக நிரப்பினால் ஒரு வரிசை தவறி, பின்னால் உள்ளதெல்லாம் போய்விடும்.

சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. தெரியாததைத் தொடவே கூடாதென்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக ஒதுக்க முடிந்தால், அப்படிப்பட்ட இரண்டு கேள்வியில் ஒன்று சரியாகி ஒன்று தவறினாலும் கையில் 3 மதிப்பெண் நிற்கும். கண்ணை மூடிக் குறித்தால் நான்கு கேள்விக்கு ஒரு மதிப்பெண்தான். ஆனால் அரைகுறை நினைவோடு குறிக்கும் பிள்ளை அந்தக் கணக்கில் வராது, அந்த நினைவே தவறான விடைக்கு இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஊகித்த கேள்விக்குப் பக்கத்தில் வினாத்தாளில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தேர்வு முடிந்ததும் புள்ளி வைத்தவற்றை மட்டும் தனியாகக் கூட்டுங்கள். மூன்று தேர்வில் அந்தப் பிள்ளைக்கு லாபமா நஷ்டமா என்று தெரிந்துவிடும், அதன்படி முடிவு செய்யுங்கள்.

பத்தாம் படி: சான்றிதழ்கள்

விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரியில் தொடங்கும். நவம்பரிலேயே சான்றிதழ்களைச் சரிபாருங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 சட்டத்தின்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இடையில் ஒரு வருடம் மாறிப் படித்திருந்தாலும் முன்பே தெரிய வேண்டும்.

சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், விசாரணைக்கு நாள் ஆகும். பிற்படுத்தப்பட்ட பிள்ளைகள் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பிப்பதானால் மத்திய அரசு வடிவத்தில் தனிச் சான்று வேண்டும். அவர்களோடு இ-சேவை மையத்துக்கு ஒருமுறை நீங்களே போய்வாருங்கள். வாங்கிய சான்றிதழில் பெயரின் தலைப்பெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பதும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள்.

பதினோராம் படி: தேர்வு வாரம்

மலையிலிருந்து வருபவர்கள் சனிக்கிழமையே சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிடட்டும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஞாயிறு நெரிசலில் மாட்டிக்கொண்டு, 1.30 மணிக்கு மூடும் வாசலுக்கு ஓட வேண்டாம். அரைக்கை சட்டை, செருப்பு, அனுமதிச் சீட்டு, புகைப்படம், அடையாள அட்டை. பேனா உள்ளே தருவார்கள். கடைசி மூன்று நாள் பிழை நோட்டு மட்டும்.

பிள்ளையின் மனசையும் பாருங்கள். பேச்சு குறைவது, சாப்பாடு குறைவது, "நான் செத்துட்டா வீட்டுக்குச் செலவு மிச்சம்" என்ற மாதிரி விளையாட்டாகச் சொல்வது எதையும் விளையாட்டாக எடுக்காதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், பெற்றோரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதும் டெலிமானஸ் 14416. இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வையுங்கள். நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட அரியலூர் மாணவி அனிதாவை இழந்தது 2017-ல். எந்த மதிப்பெண்ணும் ஓர் உயிருக்கு ஈடில்லை என்பதை நாம் அவர்கள் காதில் விழும்படி, பலமுறை சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் படி: முடிவு வந்த பிறகு

முடிவு வரும் நாளில் எல்லோருக்கும் நீங்களே போன் செய்யுங்கள், நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்குக் கடைசியாக. போன வருட மதிப்பெண்ணோடு ஒப்பிட விடாதீர்கள். 2024-ல் 720-க்கு 720 எடுத்தவர்கள் இருந்தார்கள், 2025-ல் முதலிடமே 686. தரவரிசைதான் பேச வேண்டும். இடம் வராத வாய்ப்பு இருந்தால் செவிலியர், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பிக்கும் தேதிகளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவத்துக்கு நீட் வேண்டும்.

"இன்னொரு வருஷம் எழுதட்டுமாக்கா?" என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். பிழை நோட்டை எடுத்து, கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளின் எழுத்துகளை அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். 'க'வும் 'மொ'வும் நிறைந்திருந்தால் இன்னொரு வருடத்தில் அவை குறையும், எழுதலாம். ஒரு வருடம் முழுக்க உழைத்தும் 'தெ' அப்படியே நிற்கிறதென்றால், அடுத்த வருடம் எதை வேறு மாதிரிச் செய்யப்போகிறாய் என்று கேளுங்கள். வீட்டில் பணம், வயது, தங்கை தம்பியின் படிப்பு எல்லாவற்றையும் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டே பேசுங்கள். நாகலூர்ப் பெண் அப்படி எண்ணியபோது கடைசித் தேர்வில் 'கு' இரண்டுதான் இருந்தது, 'க' பத்தொன்பது. ஒரு வருடம் தருவதாக அவள் அப்பா சொன்னார். மறு ஞாயிறே புது நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.